மாடியில் உபுண்டு, கீழே விண்டோஸ் 11: ஃபோல்டரைத் திறக்க "உங்கள் நிறுவனம்" விடவில்லையாம்

அச்சுக்கூடம்_மீனா:

வணக்கம். கும்பகோணத்தில் வீட்டிலிருந்தே டிடிபி வேலை செய்கிறேன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கும்பாபிஷேக நோட்டீஸ், எப்போதாவது ஒரு கவிதைத் தொகுப்பு. தொழிலுக்கு வேண்டிய அளவு கம்ப்யூட்டர் தெரியும். அதற்கு மேல் என்றால் மகன்தான். அவன் ஓசூரில் ஷிஃப்டில் இருக்கிறான், போனில் பத்து நிமிடம் கிடைத்தால் பெரிது.

மாடி அறையில் பழைய டெஸ்க்டாப் ஒன்று, லினக்ஸ் வகையான உபுண்டு 22.04 போட்டது. அதில் 2 டிபி டிஸ்க். பன்னிரண்டு வருடப் பத்திரிகைக் கோப்புகள், வீட்டுப் படங்கள், மாமனாரின் பழைய வீடியோ கேசட்டுகளை மாற்றி வைத்தது எல்லாம் அங்கேதான். கீழே கூடத்தில் விண்டோஸ் லேப்டாப். பேஜ்மேக்கரும் பழைய தமிழ் எழுத்துருக்களும் விண்டோஸில்தான் எனக்குப் பழக்கம், அச்சகத்தில் கேட்பதும் அந்தக் கோப்பைத்தான். ஆகவே கோப்பு மாடியில், வேலை கீழே. மூன்று வருடமாக "வேலை" என்ற ஃபோல்டரைத் திறப்பேன், திருத்துவேன், அங்கேயே சேமிப்பேன். பாஸ்வேர்டு என்று எதுவும் கேட்டதில்லை.

போன மாதம் பழைய லேப்டாப் திரை போய்விட்டது. அது விண்டோஸ் 10 ஹோம். புதிதாக வாங்கியது விண்டோஸ் 11 ப்ரோ, பதிப்பு 24எச்2. இதில் நெட்வொர்க் என்று போய்ப் பார்த்தால் கூடத்து டிவி தெரிகிறது, மாடிப் பெட்டி தெரியவில்லை. சரி என்று முகவரியை நேராக அடித்தேன், பின்சாய்வு இரண்டு போட்டு 192.168.1.7 என்று. அதற்கு வந்த பதிலின் சாரம்: "உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கைகள், அடையாளம் காட்டாத கெஸ்ட் அணுகலைத் தடுப்பதால் இந்த ஃபோல்டரைத் திறக்க முடியாது."

என் வீட்டில் எந்த நிறுவனம்? நானும் மாமியாரும் ஒரு பூனையும்தான் இருக்கிறோம்.

செய்து பார்த்தவை: ரவுட்டரை அணைத்துப் போட்டேன். பிங் அடித்தால் நான்கு பதிலும் ஒழுங்காக வருகிறது. விண்டோஸ் ஃபயர்வாலை ஐந்து நிமிடம் அணைத்துப் பார்த்தேன், அதே செய்தி. பழையபடி போட்டுவிட்டேன். மாடி ஃபோல்டரை விண்டோஸுக்குப் பகிர்ந்து கொடுக்கும் நிரல் சம்பா, அதன் அமைப்புக் கோப்பை மாடிப் பெட்டியில் திறந்து பார்த்தேன். மகன் கடைசியில் எழுதியிருப்பது: ஃபோல்டர் இருக்கும் பாதை எஸ்ஆர்வி சாய்வு வேலை, ரீட் ஒன்லி நோ, கெஸ்ட் ஓகே எஸ். அவ்வளவுதான்.

ஆவணி முகூர்த்தத்துக்கு மூன்று பத்திரிகை கையில் இருக்கிறது. இப்போதைக்குப் பென் டிரைவோடு மாடிப்படி ஏறி இறங்குகிறேன். முழங்கால் கேட்க மாட்டேன் என்கிறது.

ஈரோடு_குமரன்:

அக்கா, ரொம்ப சிம்பிள். கண்ட்ரோல் பேனலில் விண்டோஸ் ஃபீச்சர்ஸ் போய் எஸ்எம்பி 1.0 என்பதற்கு டிக் போடுங்கள், ரீஸ்டார்ட். அதிலும் வரவில்லை என்றால் குரூப் பாலிசி எடிட்டரில் லேன்மேன் வொர்க்ஸ்டேஷன் என்ற இடத்தில் பாதுகாப்பற்ற கெஸ்ட் லாகானை அனுமதிக்கும் வரி இருக்கும், அதை எனேபிள் செய்துவிடுங்கள். எங்கள் கடையில் ஐந்து பெட்டி இப்படித்தான் ஓடுகிறது, ஒரு தொல்லையும் இல்லை.

பழைய_மோடம்:

தம்பி குமரன் சொல்வதில் பாதி வேலை செய்யும், அதனால்தான் அது ஆபத்து. மீனா அம்மா, முதல் யோசனையைத் தொடவே தொடாதீர்கள். இரண்டாவதைக் கடைசி வழியாகக்கூட நான் சொல்ல மாட்டேன்.

எஸ்எம்பி 1 என்பது இந்தக் கோப்புப் பகிர்வு நெறிமுறையின் மிகப் பழைய பதிப்பு. 2017 மே மாதம் கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற ரேன்சம்வேர் உலகம் முழுக்கப் பரவியது நினைவிருக்கும். அது நுழைந்த ஓட்டை எஸ்எம்பி 1-ல்தான். அந்த ஓட்டைக்கு மருந்து அதே வருடம் மார்ச்சிலேயே வந்துவிட்டது, போடாதவர்கள் மாட்டினார்கள். அந்த வருடக் கடைசியில் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து, புதிதாக நிறுவினால் எஸ்எம்பி 1 கூடவே வருவதில்லை. லினக்ஸ் பக்கம் சம்பாவும் 2019-ல் வந்த 4.11 பதிப்பில் அதை இயல்பாக மூடிவிட்டது. உங்கள் உபுண்டு 22.04-ல் இருப்பது அதற்கும் பிந்தைய சம்பா. அதாவது இரண்டு பெட்டியும் புது மொழியிலேயே பேசத் தெரிந்தவை. இடையில் பழைய மொழியைக் கொண்டுவந்து ஒட்ட வேண்டிய தேவையே இல்லை.

உங்களுக்கு இருப்பது ஒரு பிரச்சினை அல்ல, இரண்டு. ஒன்று, பெட்டி கண்ணுக்குத் தெரியவில்லை. இன்னொன்று, தெரிந்தாலும் திறக்காது. இவற்றைச் சேர்த்துக் குழப்பிக்கொண்டுதான் பாதிப் பேர் நாள்கணக்கில் அல்லாடுகிறார்கள். முதலில் திறப்பதைப் பார்ப்போம். தெரிவது அப்புறம்.

மாடியில் நடப்பது இது. உங்கள் லேப்டாப் போய்க் கதவைத் தட்டும்போது தன் விண்டோஸ் பயனர் பெயரைச் சொல்கிறது. சம்பாவுக்கு அந்தப் பெயரில் யாரையும் தெரியாது. தெரியாத பெயர் வந்தால் கெஸ்ட் என்று உள்ளே விடு என்று ஒரு வரி உபுண்டுவின் சம்பா அமைப்பில் ஆரம்பத்திலிருந்தே இருக்கிறது, மேப் டு கெஸ்ட் என்று தேடினால் கிடைக்கும். ஆக சம்பா, "வாங்க, கெஸ்ட்" என்கிறது. பழைய விண்டோஸ் 10 ஹோம் சரி என்று உள்ளே போனது. விண்டோஸ் 11 ப்ரோ 24எச்2 போகாது. அடுத்த முனையில் இருப்பது உண்மையிலேயே உங்கள் பெட்டிதானா என்று ஒவ்வொரு செய்தியிலும் கையொப்பம் பார்க்க வேண்டும் என்பது இந்தப் பதிப்பில் இயல்பான விதி. கெஸ்டுக்குப் பாஸ்வேர்டு இல்லை. பாஸ்வேர்டு இல்லாமல் கையொப்பம் கிடையாது. அதனால்தான் அந்த "நிறுவனம்" செய்தி. அலுவலகக் கணினிகளுக்காக எழுதிய வாசகத்தை வீட்டுக்கும் அப்படியே காட்டுகிறார்கள், மற்றபடி உங்கள் பூனை மேல் சந்தேகப்பட வேண்டாம்.

ஆகவே செய்ய வேண்டியது ஒன்றே: ஃபோல்டருக்குப் பாஸ்வேர்டு போடுங்கள். கட்டளைகளை உச்சரிப்பில் எழுதுகிறேன், நீங்கள் ஆங்கிலத்தில் அடிக்க வேண்டும்.

மாடிப் பெட்டியின் டெர்மினலில் சூடோ, இடைவெளி, எஸ்எம்பிபாஸ்டபிள்யுடி, இடைவெளி, கழித்தல் குறி ஏ, இடைவெளி, உபுண்டுவில் நீங்கள் நுழையும் பயனர் பெயர். புதுப் பாஸ்வேர்டை இரண்டு முறை கேட்கும். இங்கே ஒன்று கவனியுங்கள். உபுண்டுவில் நுழையும் பாஸ்வேர்டை சம்பா எடுத்துக்கொள்ளாது, தனக்கென்று தனிப் பதிவேடு வைத்திருக்கிறது. இரண்டும் ஒன்றாகவே இருக்கலாம், ஆனால் இங்கே தனியாகக் கொடுத்தே ஆக வேண்டும்.

அப்புறம் அமைப்புக் கோப்பில் கெஸ்ட் ஓகே எஸ் என்பதை நோ என்று மாற்றி, அடியில் வேலிட் யூசர்ஸ் என்று உங்கள் பயனர் பெயரைச் சேருங்கள். சேமித்துவிட்டு டெஸ்ட்பார்ம் என்று அடித்தால் எழுத்துப்பிழை இருந்தால் காட்டிக்கொடுக்கும். கடைசியாக சூடோ சிஸ்டம்சிடிஎல் ரீஸ்டார்ட் எஸ்எம்பிடி.

லேப்டாப்பில் முகவரியை நேராக அடித்துத் திறக்காதீர்கள். அது மறுபடி விண்டோஸ் பெயரையே சொல்லும், சம்பா மறுபடி கெஸ்ட் என்னும், பழைய குருடி கதவைத் திறடி. அதற்குப் பதில் திஸ் பிசியில் மேப் நெட்வொர்க் டிரைவ் போய், வேறு பெயரில் நுழைய என்ற கட்டத்தில் டிக் போட்டு, உபுண்டு பெயரையும் புதுப் பாஸ்வேர்டையும் கொடுங்கள். ஈமெயில் முகவரியைக் கொடுக்க வேண்டாம்.

அச்சுக்கூடம்_மீனா:

மிக்க நன்றி சார். இவ்வளவு பொறுமையாக யாரும் சொன்னதில்லை, மகன் உட்பட.

ஆனால் ஓடவில்லை. சொன்னது சொன்னபடி செய்தேன். டெஸ்ட்பார்ம் ஒரு குறையும் சொல்லவில்லை. "நிறுவனம்" செய்தி போயே போய்விட்டது, அது ஒரு நிம்மதி. இப்போது பாஸ்வேர்டு கேட்கிறது. கொடுத்தால் தப்பு என்கிறது. பத்து முறை கொடுத்துவிட்டேன். பெரிய எழுத்துப் பூட்டு விழுந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. எளிமையாகத்தான் வைத்தேன், மறப்பதற்கு வழியே இல்லை, மாமியார் ஊர்ப் பெயரும் ஒரு வருடமும்.

மகனிடம் சொன்னேன். விண்டோஸில் ஏதோ ரெஜிஸ்ட்ரி மாற்ற வேண்டும் என்கிறான். செய்யட்டுமா?

ஈரோடு_குமரன்:

நான் அப்பவே சொன்னேன் அக்கா.

பழைய_மோடம்:

ரெஜிஸ்ட்ரியைத் தொடாதீர்கள். யார் மேல் தப்பு என்றே இன்னும் தெரியாதபோது மருந்து எதற்கு? முதலில் லேப்டாப்பை ஆட்டத்திலிருந்து விலக்குவோம்.

மாடிப் பெட்டியிலிருந்தே மாடிப் பெட்டியின் கதவைத் தட்டிப் பாருங்கள். எஸ்எம்பிகிளையன்ட், இடைவெளி, கழித்தல் பெரிய எல், இடைவெளி, லோக்கல்ஹோஸ்ட், இடைவெளி, கழித்தல் பெரிய யு, இடைவெளி, உங்கள் பயனர் பெயர். அந்தக் கருவி இல்லை என்று சொன்னால் ஆப்ட் மூலம் நிறுவிக்கொள்ளுங்கள். பாஸ்வேர்டு கேட்கும். கொடுத்ததும் ஃபோல்டர் பட்டியல் வந்தால் சம்பா நலம், குற்றவாளி விண்டோஸ் பக்கம். அங்கேயும் லாகான் ஃபெயிலியர் என்று வந்தால் லேப்டாப் நிரபராதி.

முப்பது வருடம் கேபிள் இழுத்தவன் நான். பிரச்சினைக்குப் பக்கத்தில் போய் நின்று சோதிக்க வேண்டும், தூரத்திலிருந்து கல்லெறியக் கூடாது என்பதைத் தவிர வேறு எதுவும் பெரிதாகக் கற்றுக்கொள்ளவில்லை.

அச்சுக்கூடம்_மீனா:

சார், சிரிக்காதீர்கள்.

மாடியிலேயே தட்டிப் பார்த்தேன். லாகான் ஃபெயிலியர். ஆக விண்டோஸ் மேல் தப்பில்லை. அப்படியே உட்கார்ந்து, நேற்று அந்தப் பாஸ்வேர்டை வைத்தபோது என்னென்ன செய்தேன் என்று ஒவ்வொன்றாக யோசித்தேன்.

எஸ்எம்பிபாஸ்டபிள்யுடி கட்டளையை அடித்துவிட்டு என்டர் தட்டினேன். புதுப் பாஸ்வேர்டு என்று கேட்டு நின்றது. அந்த நேரம் பார்த்து பாபநாசத்து வாடிக்கையாளர் வாட்ஸ்அப் வெப்பில், "தாய்மாமன் பெயரை மேலே போடணும், இல்லாவிட்டால் சபையில் பிரச்சினை ஆகும்" என்று அனுப்பினார். விசைப்பலகையைத் தமிழ்99-க்கு மாற்றி, "சரிங்க, மாற்றிவிடுகிறேன்" என்று பதில் போட்டேன். திரும்பி வந்து டெர்மினலில் பாஸ்வேர்டை அடித்தேன். மறுபடி கேட்டது, மறுபடி அடித்தேன். சேர்த்தாயிற்று என்றது.

டெர்மினலில் பாஸ்வேர்டு அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாதே. இரண்டு முறையும் தமிழில் அடித்திருக்கிறேன். இரண்டும் ஒரே மாதிரி இருந்ததால் அதுவும் வாயை மூடிக்கொண்டு ஏற்றுக்கொண்டது.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள, வேண்டுமென்றே தமிழ்99-ஐப் போட்டுவிட்டு, அதே விசைகளை அழுத்தி எஸ்எம்பிகிளையன்டில் நுழைந்து பார்த்தேன். திறந்தது! பட்டியலில் "வேலை" இருந்தது. எனக்குச் சிரிப்பும் கோபமும் சேர்ந்து வந்தது. பாஸ்வேர்டை ஆங்கிலத்தில் மறுபடி வைத்தேன். லேப்டாப்பில் இசட் டிரைவாக மேப் செய்தேன். முதல் தட்டிலேயே வந்துவிட்டது.

பழைய_மோடம்:

சிரித்துவிட்டேன், மன்னியுங்கள். இத்தனை வருடத்தில் கேப்ஸ் லாக் கேஸ் நூறு பார்த்திருக்கிறேன், தமிழ்99 கேஸ் இதுதான் முதல்.

நீங்களே வேண்டுமென்று தப்பாக அடித்துச் சோதித்தீர்களே, அதற்கு ஒரு சலாம். எங்களோடு வேலை பார்த்த பாதிப் பேருக்கு அந்தப் புத்தி கிடையாது.

இனி அடுத்த சங்கடம் ஒன்று வரும். வந்ததும் சொல்லுங்கள், நான் இப்போதே சொன்னால் பயமுறுத்துவது போல் ஆகிவிடும்.

அச்சுக்கூடம்_மீனா:

வந்துவிட்டது சார். ஜோசியமா பார்க்கிறீர்கள்?

இசட் டிரைவ் திறக்கிறது. புதுக் கோப்பு போட்டால் சேமிக்கிறது. ஆனால் பழைய பத்திரிகைகளைத் திறந்து ஒரு எழுத்தை மாற்றிச் சேமித்தால், அனுமதி இல்லை என்கிறது. எல்லாவற்றுக்கும் அல்ல. மகன் மாடியிலிருந்தே போட்டுக் கொடுத்த சில ஃபோல்டர்களில் பிரச்சினை இல்லை. நான் பழைய லேப்டாப்பிலிருந்து போட்ட எதையும் திருத்த முடியவில்லை. நானே செய்த கோப்பை எனக்கே விட மாட்டேன் என்கிறது.

பழைய_மோடம்:

அவை நீங்கள் செய்தவை அல்லவே. கெஸ்ட் செய்தவை.

மூன்று வருடமாக நீங்கள் அந்தப் பெட்டிக்குள் போனது கெஸ்டாக. லினக்ஸில் கெஸ்டுக்கு ஒரு பெயர் உண்டு, நோபடி. யாருமில்லை என்றே பெயர். நீங்கள் சேமித்த ஒவ்வொரு கோப்பும் அந்த "யாருமில்லை"யின் பெயரில் பட்டா ஆகியிருக்கிறது. சம்பாவின் இயல்பான அமைப்பில், கோப்பைச் செய்தவருக்கு எழுதும் உரிமை, மற்றவருக்குப் படிக்க மட்டும். இன்று நீங்கள் உங்கள் சொந்தப் பெயரில் வருகிறீர்கள், ஆகவே மற்றவர் ஆகிவிட்டீர்கள். மகன் மாடியிலிருந்து போட்டது உபுண்டுவில் உங்கள் கணக்கில் உட்கார்ந்து போட்டதாக இருக்கும், அதனால் அவை தப்பின.

பட்டாவை மாற்றிவிடலாம். சூடோ, இடைவெளி, சிஎச்ஓடபிள்யுஎன் என்ற ஐந்து எழுத்துகள், இடைவெளி, கழித்தல் பெரிய ஆர், இடைவெளி, உங்கள் பெயர் முக்காற்புள்ளி உங்கள் பெயர், இடைவெளி, சாய்வு எஸ்ஆர்வி சாய்வு வேலை. பாதையை இரண்டு முறை படித்துவிட்டு என்டர் தட்டுங்கள். எஸ்ஆர்விக்கு முந்தைய சாய்வுக்கும் எஸ்ஆர்விக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழுந்துவிட்டால், மொத்த உபுண்டுவும் உங்கள் பெயருக்குப் பட்டா ஆகிவிடும். அப்புறம் மகன் ஓசூரிலிருந்து பஸ் ஏற வேண்டியதுதான்.

அச்சுக்கூடம்_மீனா:

மூன்று முறை படித்தேன். இடைவெளியை விரலால் தொட்டுப் பார்த்தேன். ஆகிவிட்டது சார், எல்லாம் சேமிக்கிறது.

இன்னும் ஒரே ஒரு விஷயம். பழைய லேப்டாப்பின் டிஸ்கைக் கழற்றி, கடையில் ஒரு பெட்டியில் போட்டுக் கொடுத்தார்கள். அதிலிருந்த கோப்புகளைப் புது லேப்டாப் வழியாக இசட் டிரைவுக்கு நகலெடுத்தேன். ஆயிரத்துச் சொச்சத்தில் பதினொன்று மட்டும் ஏற மறுக்கிறது. புது லேப்டாப்பின் டெஸ்க்டாப் திரையில் அதே கோப்பு ஒழுங்காக இருக்கிறது, திறக்கிறது. இசட் டிரைவுக்கு மட்டும் போகாது. ஒன்றின் பெயர் இது:

திருமண அழைப்பிதழ் மாப்பிள்ளை வீட்டார் திருத்தம் இரண்டாம் பிரூஃப் பெண் வீட்டார் ஒப்புதலுக்குப் பிறகு

பெயரில் எல்லாம் எழுதி வைப்பது என் வழக்கம். இல்லாவிட்டால் எந்தப் பிரூஃப் எது என்று யாருக்குத் தெரியும்? பழைய லேப்டாப்பிலேயே இருந்த கோப்பு இது, முன்பு மாடிக்கு அனுப்பிய நினைவில்லை.

எழுத்துரு_பித்தன்:

இது என் வட்டாரம், நுழைகிறேன். பழைய_மோடம் ஐயா கோபிக்க மாட்டார்.

பெயர் நீளம்தான். ஆனால் விண்டோஸுக்கு நீளமில்லை, லினக்ஸுக்கு நீளம். இரண்டும் 255 என்றுதான் வரம்பு வைத்திருக்கின்றன. எதை எண்ணுகின்றன என்பதில்தான் வித்தியாசம். விண்டோஸின் என்டிஎஃப்எஸ், யூனிகோடு குறிகளை எண்ணும். தமிழில் ஒரு குறி அதற்கு ஒன்றுதான். லினக்ஸின் இஎக்ஸ்டி4 பைட்டை எண்ணும். எழுத்துகளைக் கணினி சேமிக்கும் யுடிஎஃப்-8 என்ற முறையில் ஆங்கில எழுத்து ஒரு பைட். தமிழ்க் குறி ஒவ்வொன்றும் மூன்று பைட்.

குறி என்றால் நாம் பார்க்கும் எழுத்து அல்ல. "தி" நம் கண்ணுக்கு ஓரெழுத்து, கணினிக்கு த-வும் இகரக் கொக்கியும் தனித்தனி, ஆக ஆறு பைட். "ப்" என்றால் ப-வும் புள்ளியும், அதுவும் ஆறு.

உங்கள் பெயரை உட்கார்ந்து எண்ணினேன், எனக்கு வேறு வேலை இல்லை. தமிழ்க் குறிகள் 89. இடைவெளி 10. எண்பத்தொன்பதை மூன்றால் பெருக்கினால் 267, இடைவெளியோடு 277, கடைசியில் புள்ளியும் மூன்றெழுத்துப் பின்னொட்டும் சேர்ந்தால் 281 பைட். வரம்பு 255. அதே பெயர் விண்டோஸ் கணக்கில் வெறும் 103. அதனால் அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருக்கிறது.

சம்பாவையோ விண்டோஸையோ நோண்டி இதைச் சரிசெய்ய முடியாது, டிஸ்க் அமைப்பின் வரம்பு. கணக்குக்கு, ஒரு கோப்புப் பெயரில் 80 தமிழ்க் குறிக்கு மேல் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாதி விவரத்தை ஃபோல்டர் பெயருக்குத் தள்ளிவிடலாம். இந்த வரம்பு ஒவ்வொரு பெயருக்கும் தனித்தனிதான். மாப்பிள்ளை வீட்டார் ஒரு ஃபோல்டர், பெண் வீட்டார் ஒரு ஃபோல்டர்.

ஒரே எழுத்தை எழுத ஆங்கிலக்காரனைவிட மூன்று மடங்கு வாடகை கொடுக்கிறோம் என்று நினைத்தால் எனக்கு இன்றும் எரிச்சல்தான். ஆனால் யுடிஎஃப்-8 இல்லாத காலத்தில் கோப்புப் பெயரே தமிழில் வைக்க முடியாமல் ஆங்கிலத்தில் திருமணம்1, திருமணம்2 என்று வைத்த ஞாபகமும் இருக்கிறது, அதனால் வாயை மூடிக்கொள்கிறேன்.

அச்சுக்கூடம்_மீனா:

ஐயா, நீங்கள் எண்ணியதைப் பார்த்ததும் எனக்கே கூச்சமாகிவிட்டது. பதினொன்றையும் பெயர் சுருக்கினேன், ஏறிவிட்டன. மாப்பிள்ளை வீட்டார், பெண் வீட்டார் தனித்தனி ஃபோல்டர் யோசனை தொழிலுக்கே நல்லது. போன தையில் மாற்றி அனுப்பி வாங்கிக் கட்டிக்கொண்டதை இங்கே எழுத மாட்டேன்.

ஈரோடு_குமரன்:

பழைய_மோடம் சார், ஒரு சந்தேகம். பெட்டி நெட்வொர்க் விண்டோவில் தெரியாததை விட்டுவிட்டீர்களே? எங்கள் கடையிலும் எஸ்எம்பி 1 போட்டதே அதற்காகத்தான். அதை எடுத்துவிட்டால் பெட்டிகள் ஒன்றையொன்று பார்க்குமா?

பழைய_மோடம்:

நல்ல கேள்வி தம்பி. முன்பு பெட்டிகள் ஒன்றையொன்று கண்டுபிடித்தது நெட்பயாஸ் என்ற பழைய முறையில், அது எஸ்எம்பி 1-ஐ ஒட்டி வந்தது. அதோடு போய்விட்டது. இப்போது விண்டோஸ் பார்ப்பது டபிள்யுஎஸ்-டிஸ்கவரி என்ற வேறு அறிவிப்பை. மீனா அம்மா வீட்டு டிவி தெரிந்ததற்கு அதுபோல் அது தன்னைத் தானே அறிவித்துக்கொள்வதுதான் காரணமாக இருக்கும். சம்பாவுக்கு அப்படிக் கூவத் தெரியாது. உபுண்டுவில் டபிள்யுஎஸ்டிடி என்ற சின்ன நிரல் இருக்கிறது, அதை ஆப்ட் மூலம் போட்டால் சம்பாவுக்காக அது கூவும். ஃபயர்வால் போட்டிருந்தால் யுடிபி 3702, டிசிபி 5357 என்ற இரண்டு போர்ட்களையும் திறக்க வேண்டும். கோப்புப் பகிர்வுக்கு 445. விண்டோஸ் பக்கம் வைஃபை இணைப்பு பப்ளிக் என்று இருந்தால் பிரைவேட் ஆக்க வேண்டும், இல்லாவிட்டால் அது காதையே பொத்திக்கொள்ளும்.

கடையில் ஐந்து பெட்டியிலும் எஸ்எம்பி 1-ஐ எடுத்துவிடு. வாடிக்கையாளர் பென் டிரைவ் வரும் இடம் அது.

மீனா அம்மாவுக்கு இது தேவையே இல்லை, இசட் டிரைவ் போதும். ஒன்று மட்டும் செய்யுங்கள். ரவுட்டர் பக்கத்தில் மாடிப் பெட்டிக்கு 192.168.1.7 என்ற எண்ணை நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள். கரண்ட் போய் வந்ததும் எண் மாறினால் இசட் டிரைவ் காணாமல் போகும், நீங்கள் மறுபடி எங்களைத் தேடுவீர்கள்.

சம்பா என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? கான்பெராவில் படித்துக்கொண்டிருந்த ஆண்ட்ரூ டிரிட்ஜெல் 1990-களின் தொடக்கத்தில் எழுதியது. முதலில் வைத்த பெயர் வேறொரு நிறுவனத்தின் வணிகப் பெயரோடு மோதியது. எஸ், எம், பி மூன்றும் வருகிற சொல்லாகப் பார்த்து அகராதியில் தேடியபோது சிக்கியது சம்பா. பிரேசில்காரர்களுக்கு அது நடனம், தஞ்சாவூர்ப் பக்கம் நமக்கு நெல்.

அச்சுக்கூடம்_மீனா:

ரவுட்டரில் ஒதுக்கிவிட்டேன் சார். நேற்று இரவு இரண்டு முறை கரண்ட் போய் வந்தது, இசட் டிரைவ் இருக்கிறது.

கடைசியாக ஒரு பஞ்சாயத்து. மாமியார் கூடத்து டிவியில் விஎல்சி வழியாக மாமனாரின் கேசட் வீடியோக்களைப் பார்ப்பார். அவையும் "வேலை"க்குள்தான் இருந்தன, பாஸ்வேர்டு இல்லாமல் ஓடிக்கொண்டிருந்தன. இப்போது டிவி பெயரும் பாஸ்வேர்டும் கேட்கிறது. "பொட்டிக்குப் பூட்டு போட்டுட்டியா, அவரோட வீடியோவை நான் பார்க்கக் கூடாதா" என்று நேற்றிலிருந்து என்னோடு பேசவில்லை.

பழைய_மோடம்:

இதற்குப் பூட்டு வேண்டாம். வீடியோக்களை மட்டும் "வேலை"க்கு வெளியே, எஸ்ஆர்விக்குள் "கேசட்" என்று தனி ஃபோல்டராக நகர்த்துங்கள். சம்பா அமைப்பில் இன்னொரு பகுதி எழுதுங்கள்: பாதை, ரீட் ஒன்லி எஸ், கெஸ்ட் ஓகே எஸ். வேலிட் யூசர்ஸ் வரி வேண்டாம். எஸ்எம்பிடியை ரீஸ்டார்ட் செய்யுங்கள். கையொப்பம் கேட்டுக் கெஸ்டை மறுத்தது விண்டோஸ் 11 ப்ரோதான், டிவியில் இருக்கும் விஎல்சி அப்படிக் கேட்காது. பார்க்க மட்டும்தான் முடியும், யாராலும் எதையும் அழிக்க முடியாது. "வேலை" பூட்டியபடியே இருக்கும்.

அச்சுக்கூடம்_மீனா:

ஓடிவிட்டது சார். 1988-ல் மகாமகக் குளக்கரையில் எடுத்த கேசட்டைப் போட்டுக் கொடுத்தேன். மாமனார் கேமராவைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு யாரிடமோ வழி கேட்கிற சத்தம் முதல் இரண்டு நிமிடம் வரும், அதைத்தான் திரும்பத் திரும்ப ஓடவிட்டுப் பார்க்கிறார். மாடி வரை கேட்கிறது. பாபநாசத்துக்காரர் தாய்மாமன் பெயரை மறுபடி கீழே இறக்கச் சொல்கிறார், நான் கிளம்புகிறேன்.